ஒரே பெயரில் இரண்டு 'பிளைண்ட் மிக்ஸ்': எதை வைத்துக்கொள்வது?

பாங்18 எழுதியது:

நண்பர்களே, வணக்கம். பிரிட்டிஷ் மின்னிசைக் குழுவான டெபெஷ் மோட்டின் ரீமிக்ஸ்களை (பாட்டுகளை மாற்றி அமைத்த வடிவங்களை) தேடிச் சேர்த்து, பட்டியல் போட்டு, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையைப் பதினோரு வருடமாகச் செய்துகொண்டிருக்கிறேன். 2004-ல் வந்த 'ரீமிக்சஸ் 81–04' தொகுப்பின் மூன்று சி.டி. பதிப்பு கையில் கிடைத்த நாளிலிருந்து பிடித்த பைத்தியம் இது. 1981-ன் 'ஜஸ்ட் கான்ட் கெட் இனஃப்' ஸ்கிட்ஸோ மிக்ஸும் அண்டர்வேர்ல்ட் என்ற இன்னொரு மின்னிசைக் குழு கை வைத்த 'பேரல் ஆஃப் எ கன்'னும் ஒரே தட்டில் இருந்தன. இரண்டும் ஒரே குழுவின் பாட்டுகள்தானா என்று அன்றைக்கு ராத்திரி திரும்பத் திரும்பக் கேட்டேன்.

இப்போது என் பட்டியலில் 412 வரிகள். ஒவ்வொரு வரியிலும் மிக்ஸின் பெயர், மியூட் இசை நிறுவனம் இவர்களுடைய தட்டுகளுக்குக் கொடுத்த 'பாங்' வரிசை எண், யார் செய்தது, எத்தனை நிமிடம், எந்தத் தட்டிலிருந்து எடுத்தது என்று எழுதி வைத்திருக்கிறேன். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது, 'ஸ்ட்ரேஞ்ச்லவ்' வரும்வரை.

1987-ன் அந்தப் பாட்டுக்கு என்னிடம் 'பிளைண்ட் மிக்ஸ்' என்ற பெயரில் இரண்டு ஃபைல் இருக்கிறது. ஒன்று மேலே சொன்ன தொகுப்பின் முதல் சி.டி.யிலிருந்து நானே எடுத்தது. ஆறரை நிமிடத்தை ஒட்டி ஓடும். இன்னொன்று ஒரு நண்பர் தன் 12 இஞ்ச் வினைல் தட்டிலிருந்து பதிவுசெய்து கொடுத்தது. அது 6 விநாடி குறைவு. நேரம் மட்டும் இல்லை, நண்பருடையது கேட்கவே கொஞ்சம் துடிப்பாக இருக்கிறது. பாடகர் டேவ் கஹானின் குரல்கூட ஒரு நூல் இளமையாகக் கேட்கிறது. வினைலுக்கென்று தனியாக ஒரு மிக்ஸ் போட்டிருப்பார்களோ? இல்லை, சி.டி.யில் ஏதாவது ஒட்டிச் சேர்த்தார்களா? எந்த ஃபைலை 'அசல்' என்று வைப்பது?

இன்னொரு சந்தேகமும் பல நாளாக உறுத்துகிறது. 1990-ல் 'என்ஜாய் த சைலன்ஸ்' ஒற்றை (சிங்கிள்) வந்தபோது அதன் ஒரு பதிப்பில் 'ஹார்மோனியம்' என்று ஒரு வடிவம் இருந்ததே, குழுவின் பாடலாசிரியர் மார்ட்டின் கோர் பாடியது. அதை ரீமிக்ஸ் வரிசையில் வைப்பதா, வேண்டாமா?

---

ரீல்டேப் எழுதியது:

தம்பி, முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்றேன். ரெண்டாவதுக்கு இங்கே வேற ஆள் இருக்காங்க.

உங்க நண்பரோட டர்ன்டேபிள் கொஞ்சம் வேகமா சுத்துது. என் கணிப்பு அதுதான். கணக்கைப் பாருங்க. ஆறரை நிமிஷம்னா 390 விநாடி. தட்டு ஒன்றரை சதவீதம் வேகமா ஓடினா அது 384 விநாடியில் முடிஞ்சிடும். உங்க 6 விநாடி அங்கே போச்சு. வேகம் கூடினா சுருதியும் கூடவே ஏறும். ஒன்றரை சதவீதத்துக்கு ஏறக்குறைய 26 சென்ட், அதாவது ஒரு அரைச்சுரத்தில் கால்வாசி. தனியா கேட்டா காதுக்குத் தெரியாது. பக்கத்துல வெச்சுக் கேட்டா 'துடிப்பா இருக்கே, குரல் இளமையா இருக்கே'ன்னு தோணும். நீங்க எழுதியிருக்கிறது அச்சு அசலா அதேதான்.

ஆனா கணிப்பை நம்பி வரியை அழிச்சிடாதீங்க, சோதிச்சுப் பாருங்க. ரெண்டு ஃபைலையும் ஆடாசிட்டி மென்பொருள்ல ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா போடுங்க. ஆரம்பத்துல கிக் டிரம் விழுற இடத்துலேர்ந்து 64 தட்டு எண்ணி, எத்தனை விநாடின்னு ரெண்டுலயும் குறிச்சுக்குங்க. நடுவுல ஒரு 64, கடைசியில ஒரு 64. மூணு இடத்துலயும் விகிதம் ஒரே மாதிரி வந்தா, அது வெறும் வேகம். விகிதம் எல்லா இடத்துலயும் ஒண்ணுக்கு ஒண்ணா இருந்து, ஒரே ஒரு இடத்துல மட்டும் திடீர்னு 6 விநாடி தாவினா, அங்கே கத்திரி விழுந்திருக்கு. அப்போதான் அது வேற மிக்ஸ்.

வேகத்தைச் சரிபண்ணும்போது ஒரு விஷயத்துல ஜாக்கிரதை. 'சேஞ்ச் டெம்போ'வை அழுத்திடாதீங்க. அது சுருதியை அப்படியே வெச்சுட்டு நேரத்தை மட்டும் இழுக்கும், ஒலியையும் கெடுக்கும். உங்களுக்கு வேண்டியது 'சேஞ்ச் ஸ்பீட்'. தட்டோட வேகத்தைக் கையால குறைக்கிற மாதிரி, ரெண்டையும் சேர்த்தே இறக்கும்.

சி.டி.க்கும் சி.டி.க்கும் ஒப்பிடணும்னா இன்னும் துல்லியமான வழி இருக்கு. ரெண்டையும் ஒரே சாம்பிளில் நிறுத்தி, ஒலியளவைச் சமமாக்கி, ஒண்ணோட ஃபேஸை (ஒலியலையோட மேடு பள்ளத்தை) தலைகீழாக்கி, ரெண்டையும் கூட்டுங்க. ஒரே மாஸ்டரா (வெளியீட்டுக்குன்னு கடைசியா தயாரிச்ச பதிவா) இருந்தா மொத்தமும் மௌனமாயிடும். மிக்ஸ் ஒண்ணா இருந்து மாஸ்டரிங் மட்டும் வேறன்னா, மெல்லிசா ஒரு சலசலப்பு மிஞ்சும். மிக்ஸே வேறன்னா, அந்த வேறுபட்ட வாத்தியம் மட்டும் தனியா எழுந்து வந்து நிக்கும். முதல்முறை கேக்கும்போது சிலிர்த்துப்போகும், பாருங்க. வினைலுக்கு இது சரிப்படாது. தட்டு சுத்துற வேகம் நொடிக்கு நொடி கொஞ்சம் ஆடும், ரெண்டும் ஒருநாளும் பொருந்தி நிக்காது.

---

மௌனவிரும்பி எழுதியது:

ரீல்டேப் சார் சொன்ன 'வேற ஆள்' நான்தான் என்று நினைக்கிறேன். ஹார்மோனியம் பற்றிப் பேச எனக்கு அலுக்கவே அலுக்காது.

முதலில் ஒரு சம்பவத்தை நினைவுபடுத்துகிறேன். 'என்ஜாய் த சைலன்ஸ்' பாட்டை மார்ட்டின் கோர் மெதுவான, சோகமான பாட்டாகத்தான் எழுதிக்கொண்டு வந்தார். அதை வேகப்படுத்தி, அடியில் ஒரு தாளம் கொடுத்துப் பார்ப்போம் என்று சொன்னவர் அப்போது குழுவில் இருந்த ஆலன் வைல்டர். கோருக்கு முதலில் அதில் மனமில்லை. பிறகுதான் அந்த கிட்டார் வரி வந்தது, உலகம் முழுக்கப் போன அந்தப் பாட்டு வந்தது. ஆக, 'ஹார்மோனியம்' வடிவம் பாட்டு பிறந்த கோலத்துக்குப் பக்கத்தில் நிற்பது. நாம் எல்லோரும் மூலம் என்று நினைத்துக்கொண்டிருப்பதுதான் அதன் மேல் செய்த மாற்றம்.

அதனால் நீங்கள் கேட்ட 'ரீமிக்ஸா இல்லையா' என்ற கேள்வியை நான் கேட்பதில்லை. எந்த டேப்பிலிருந்து வந்தது, அந்த டேப்பை என்ன செய்தார்கள் என்று மட்டும் பார்க்கிறேன். என் தொகுப்பின் ஒழுங்கே அதுதான்.

1983, 84-ல் இவர்களுடைய நீட்டிய 12 இஞ்ச் பதிப்புகள் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே சமைத்தவை. குழுவும் மியூட் நிறுவனர் டேனியல் மில்லரும் ஒலிப்பொறியாளர் கேரத் ஜோன்ஸும் உட்கார்ந்து, வாத்தியங்கள் தனித்தனித் தடங்களில் இருக்கும் அதே பல்தட டேப்பை மறுபடி ஓட்டி, கன்சோலில் ஒவ்வொரு வாத்தியமாக மூடித் திறந்து, ஓடவிட்டு, பிறகு டேப்பை பிளேடால் வெட்டி ஒட்டுவது. 'எவ்ரிதிங் கவுண்ட்ஸ்' பாட்டின் 'இன் லார்ஜர் அமவுன்ட்ஸ்' வடிவத்தைக் கேளுங்கள். புதிதாக ஒன்றும் வாசிக்காமலேயே பாட்டின் உள்ளுக்குள் நடந்து போவது போல இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த காலம் இது. எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள் தெரியுமா? 'மாஸ்டர் அண்ட் சர்வன்ட்' மிக்ஸிங்குக்கு மட்டும் ஏழு நாள் போயிருக்கிறது. எல்லாம் முடிந்த பிறகுதான் கடைசிப் பகுதியில் ஸ்னேர் டிரம்மைத் திறக்க மறந்துவிட்டது தெரிந்ததாம். வைல்டர் சொன்னது. அடுத்த முறை அந்தப் பாட்டின் முடிவைக் கேட்கும்போது கவனியுங்கள், தாளம் இருக்கும், முதுகெலும்பு இருக்காது.

வெளியாட்கள் வந்தது பிற்காலத்தில்தான் என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு. 1984-லேயே ஆன்-யூ சவுண்ட் இசை நிறுவனத்தின் ஏட்ரியன் ஷெர்வுட் 'பீப்பிள் ஆர் பீப்பிள்', 'மாஸ்டர் அண்ட் சர்வன்ட்' இரண்டையும் டப் பாணியில் (எதிரொலியும் வெற்றிடமுமாகப் பாட்டைக் கலைத்துப் போடும் ஜமைக்கப் பாணி) பிரித்து மேய்ந்திருக்கிறார். பிறகு 'பிஹைண்ட் த வீல்' பாட்டுக்கு அமெரிக்க ரீமிக்ஸ் கலைஞர் ஷெப் பெட்டிபோன். 1989-ல் 'பர்சனல் ஜீசஸ்' பாட்டுக்கு ஃபிரான்ஸ்வா கெவோர்கியன். இவர் ஒரே பாட்டுக்கு 'ஹோலியர் தேன் தவ் அப்ரோச்', 'பம்ப் மிக்ஸ்' என்று இரண்டு செய்தார். ஒரே ஆள், ஒரே பாட்டு, ஒரே வருடம். ஒப்பிட்டுப் பழக விரும்புகிறவர்கள் இந்த ஜோடியில் தொடங்கலாம். முன்னது பாட்டைச் சுமந்துகொண்டு போகும். பின்னது பாட்டை ஏறக்குறைய கழற்றி வைத்துவிட்டு, அந்தக் கனமான காலடித் தாளத்தை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடும்.

2004-ல் லிங்கின் பார்க் குழுவின் மைக் ஷினோடா செய்தது, 2011-ல் ஸ்டார்கேட் என்ற தயாரிப்பாளர் ஜோடி செய்தது, இவையெல்லாம் வேறு ரகம். குரலை எடுத்துக்கொண்டு கீழே புது வீடு கட்டுவது. மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் அவற்றை 1984-ன் வடிவங்களோடு ஒரே ஃபோல்டரில் போட்டு 'எது சிறந்தது' என்று கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை.

உங்கள் ஹார்மோனியத்துக்கு என் பதில்: சேருங்கள். பாட்டுக்கு முன்னால் வையுங்கள்.

---

தூசித்தட்டு எழுதியது:

ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன். ஒப்பிடுவதற்கு முன் ஒலியளவைச் சமப்படுத்துங்கள். பழைய சி.டி. ஒற்றைகளைவிட 2004 தொகுப்பு சத்தமாக மாஸ்டர் செய்யப்பட்டது. அரை டெசிபெல் வித்தியாசம் இருந்தால்கூட, சத்தமாக இருப்பதுதான் நல்ல மிக்ஸ் என்று காது முடிவு செய்துவிடும். இதைக் கவனிக்காமல் இரண்டு வருடம் நான் 'புதுசுதான் தெளிவு' என்று எல்லோரிடமும் வாதாடினேன். ஒலியளவைச் சமமாக்கியதும், பழையதில் தாளத்துக்கு இருந்த உதை புதியதில் மழுங்கிப்போயிருப்பது தெரிந்தது. கையால் வால்யூம் குமிழைத் திருப்புவது போதாது. ரீப்ளேகெயின் (ஃபைலின் ஒலியளவை அளந்து எண்ணாகச் சொல்லும் வசதி) போட்டு, எண்ணைப் பார்த்து இறக்குங்கள்.

---

கிழக்குக்காற்று எழுதியது:

ரசிகர்கள் வீட்டில் உட்கார்ந்து நீட்டிச் செய்த எடிட்டுகளை என்ன செய்கிறீர்கள்? சிலது அசல் 12 இஞ்ச் மாதிரியே இருக்கிறது. பெயரையும் 'எக்ஸ்டெண்டட் வெர்ஷன்' என்று வைத்து விடுகிறார்கள். நானே இரண்டு முறை ஏமாந்தேன். இப்போதெல்லாம் எந்த ஃபைல் வந்தாலும் முதலில் ஸ்பெக்ட்ரோகிராமை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படத்தை) திறந்து பார்த்துவிடுகிறேன். 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் வெட்டியது போல இருட்டாக இருந்தால், அது ஒருகாலத்தில் 128 கே.பி.பி.எஸ். அளவுக்குச் சுருக்கிய எம்.பி.3 ஆக இருந்த ஃபைல். என்ன பெயர் போட்டிருந்தாலும் சரி, பாங் எண் சொல்ல முடியாத ஃபைலைத் தனி ஃபோல்டரில் ஒதுக்கி வைக்கிறேன். அழிப்பதில்லை. யாரோ ஒருவர் அதற்காக ராத்திரி கண் விழித்திருப்பார்.

---

பாங்18 எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சனி, ஞாயிறு முழுக்க இதிலேயே போனது.

ரீல்டேப் அண்ணா, நீங்கள் சொன்னபடி மூன்று இடத்தில் 64 தட்டு எண்ணினேன். மூன்றிலும் விகிதம் 1.5 சதவீதம், பிசகவே இல்லை. வேகத்தை இறக்கியதும் டேவின் குரல் சி.டி.யில் இருக்கும் இடத்துக்கே வந்து உட்கார்ந்தது. இரண்டும் ஒரே பிளைண்ட் மிக்ஸ்தான்.

அதற்குப் பிறகுதான் எனக்குத் திக்கென்றது. அதே நண்பர் அதே டர்ன்டேபிளில் பதிவுசெய்து கொடுத்தவை என்னிடம் இன்னும் எட்டு இருக்கின்றன. எட்டையும் 'வினைலுக்கே உரிய வடிவம்' என்று தனித்தனி வரியாக எழுதியிருந்தேன். 'கெட் த பேலன்ஸ் ரைட்' காம்பினேஷன் மிக்ஸும் அதில் ஒன்று. உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணினேன். எட்டும் அதே 1.5. ஒன்பது வரிகளை எடுத்துவிட்டேன், பட்டியல் 403-ல் நிற்கிறது. எடுக்கும்போது வலித்தது. ஆனால் இப்போது மிச்சமிருக்கும் ஒவ்வொரு வரியும் உண்மை என்று தெரிந்து வைத்திருப்பது நன்றாக இருக்கிறது. நண்பரிடமும் சொன்னேன். அவர் தன் டர்ன்டேபிளின் பிட்ச் திருகைச் சரிசெய்துவிட்டு, எல்லாவற்றையும் மறுபடி பதிவுசெய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

மௌனவிரும்பி அக்கா, ஹார்மோனியத்தை வரிசையில் முதலில் வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒற்றை வடிவம், 'ஹேண்ட்ஸ் அண்ட் ஃபீட் மிக்ஸ்', கடைசியில் பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஓடும் 'த குவாட்: ஃபைனல் மிக்ஸ்'. நேற்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு இந்த வரிசையிலேயே கேட்டேன். தாளமே இல்லாமல், இழுத்துப் பிடித்த அந்தச் சுரங்களுக்கு மேல் கோர் மட்டும் பாடுவதைக் கேட்டுவிட்டு, உடனே ஒற்றை வடிவத்தின் தாளம் தொடங்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருடம் அந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறேன், அதில் எவ்வளவு தாளம் இருக்கிறது என்று நேற்றுதான் தெரிந்தது.

தூசித்தட்டு சொன்ன ஒலியளவு வேலையை இன்னும் தொடவில்லை. 403 ஃபைல், மெதுவாகத்தான் ஆகும். கிழக்குக்காற்று, உங்கள் தனி ஃபோல்டர் யோசனையை அப்படியே எடுத்துக்கொண்டேன். பதினேழு ஃபைல் அங்கே போய்விட்டது.

அடுத்து 'நெவர் லெட் மீ டவுன் அகெய்ன்'. 12பாங்14-ல் இருக்கும் ஸ்பிளிட் மிக்ஸ் என்னிடம் சி.டி.யிலேயே இருக்கிறது. எல்12பாங்14-ல் வந்த சாங்கரைட்ஸ் மிக்ஸ் மட்டும் எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஒரு ஃபைலாகக் கிடக்கிறது. அந்தத் தட்டு யாரிடமாவது இருந்தால், லேபிளுக்குப் பக்கத்தில் வழுவழுப்பான வளையத்தில் கீறியிருக்கும் எழுத்துகளை வெளிச்சத்தில் சாய்த்துப் படம் எடுத்துப் போட முடியுமா? கூடவே முதல் 64 தட்டுக்கு எத்தனை விநாடி ஆகிறது என்றும் எண்ணிச் சொல்லுங்கள்.