மழையில் ஷமரெல் இறக்கம், பின்பக்கம் விலகுகிறது: 18 அங்குல வீலும் லோயரிங் ஸ்பிரிங்கும் போடலாமா?

கியூர்பிப்_குமரன்:
எல்லோருக்கும் வணக்கம். நம் மொரிஷியஸுக்கு ஜப்பானிலிருந்து ரிகண்டிஷனாக, அதாவது ஓட்டிய வண்டியாக, வந்த சின்ன எஸ்யூவி. 2018 மாடல், முன்சக்கர டிரைவ், டயர் 215/55 ஆர்17. நான் வாங்கியது 2021இல், இதுவரை 71,000 கி.மீ. ஓடியிருக்கிறது. வார நாளில் கியூர்பிப்புக்கும் போர்ட் லூயிக்கும் போய்வரத்தான். ஞாயிற்றுக்கிழமை காஸ் நுவாயாலில் மாமியார் வீடு. லெ பெத்ரேன், பிளேன் ஷம்பாஞ் வழியாகப் போய் ஷமரெலில் இறங்குவேன். அந்த வளைவுகள் எப்படி என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

வளைவில் வண்டி நன்றாகச் சாய்கிறது. பின்சீட்டில் மனைவிக்குக் குமட்டல், மகனுக்கு ஒவ்வொரு வாரமும் ஒரு பிளாஸ்டிக் பை. இதையெல்லாம் பழகிக்கொண்டேன். ஆனால் தைப்பூசத்துக்கு முந்தைய ஞாயிறு நல்ல மழை. ஷமரெல் ஊரைத் தாண்டிய இறக்கத்தில், வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். பின்பக்கம் மெதுவாக வெளியே போனது. வழுக்கும் கார் படம் போட்ட மஞ்சள் விளக்கு மின்னியது, வண்டி தானே நேராகிவிட்டது. வீடு போய்ச் சேரும்வரை யாரும் பேசவில்லை.

கடையில் கேட்டேன். 225/45 ஆர்18 டயரோடு புது ரிம், 40 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங், இரண்டும் போட்டால் ரோட்டில் பசை மாதிரி ஒட்டும் என்கிறார்கள். செலவு ஒரு தடவைதான் செய்ய முடியும். போடலாமா?

ரோஸ்ஹில்_ரேஸர்:
யோசிக்காமல் போடுங்கள் அண்ணா. நான் போன வருஷம் போட்டேன், பார்க்கவே வேற வண்டி. சாய்வு பாதியாகக் குறைந்தது.

பழைய_ஸ்பானர்:
தம்பி குமரா, கொஞ்சம் பொறு. நீ இரண்டு நோயை ஒன்றாகச் சொல்கிறாய். சாய்வது வேறு, வழுக்குவது வேறு. நன்றாகச் சாய்ந்தும் பிடியை விடாத வண்டி உண்டு. கல் மாதிரி நிமிர்ந்து நின்றபடியே வழுக்கிப் போகிற வண்டியும் உண்டு. எனக்குப் பயம் இரண்டாவது நோய்தான்.

நாளைக்குக் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் ஒரு துணியோடு உட்கார். நான்கு டயரின் பக்கச்சுவரையும் துடைத்துப் பார். டாட் என்ற எழுத்துக்குப் பின்னால், கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். நான்கும் ஒரே டயரா என்று பார். அப்புறம் டயர் சூடாகும் முன்னே காற்றை அளந்து, டிரைவர் கதவு ஓர ஸ்டிக்கரில் இருப்பதோடு ஒப்பிட்டு எழுது.

கியூர்பிப்_குமரன்:
பார்த்தேன் ஐயா. முன் இரண்டும் போன வருஷம் இங்கே வாங்கிய புது டயர். பின் இரண்டும் ஜப்பானிலிருந்து வண்டியோடு வந்தவை, இலக்கம் 4018. பட்டன் (ரோட்டைத் தொடும் ரப்பர் மேடு) நிறைய இருந்ததால் மாற்றவில்லை. பக்கத்தில் ஸ்டட்லெஸ் என்று எழுதியிருக்கிறது, பனிச்செதில் மாதிரி ஒரு படமும் இருக்கிறது. அது ஏதோ கம்பெனி முத்திரை என்று நினைத்திருந்தேன். காற்று நான்கிலும் ஸ்டிக்கரைவிட 5 பிஎஸ்ஐ குறைவு. நான் எப்போதும் சரியாகத்தானே அடிப்பேன்?

பழைய_ஸ்பானர்:
தம்பி, நீ பனி டயரில் ஷமரெல் இறங்கிக்கொண்டிருக்கிறாய்!

ஸ்டட்லெஸ் என்றால் ஆணி இல்லாத பனிக்கால டயர். ஜப்பானில் குளிர் ஊர்களில் போடுவது. ரப்பர் குளிரிலும் மெத்தென்று இருக்கும்படி செய்தது. பட்டனை நகத்தால் விரித்துப் பார், கத்தியால் கீறின மாதிரி மெல்லிய வெட்டுகள் வரிசையாக இருக்கும். ஐஸைக் கவ்வுவதற்கு அது. நம் ஊர்ச் சூட்டில் அந்தத் துண்டுகள் வளைவில் புல் மாதிரி மடங்கும். ஈரத் தாரில் சாதாரண டயரின் பிடி அதற்குக் கிடையாது. போதாததற்கு ஏழு வயசு, ரப்பர் இறுகியிருக்கும். பட்டன் ஆழமாக இருப்பதை வைத்து ஏமாறாதே.

முன்னால் நல்ல டயர், பின்னால் இது. வளைவில் காலை எடுத்ததும் எடை முன்னுக்குப் போகும், பின்பக்கம் லேசாகும். நழுவாமல் என்ன செய்யும்? இரண்டே டயர் வாங்க முடிந்தாலும் புதியதைப் பின்னால் போட வேண்டும் என்பது இதனால்தான். முன்சக்கர வண்டிக்கும் அதுதான். முன்பக்கம் நழுவினால் காலை எடுத்துச் சமாளிக்கலாம், பின்பக்கம் போனால் பெரும்பாலோருக்குக் கை ஓடாது.

காற்று விஷயம்: நீ சாயங்காலம் போர்ட் லூயியில், வெயிலில் ஓடி வந்த டயரில் அடிக்கிறாய், இல்லையா? ராத்திரி கியூர்பிப் குளிரில் நிற்கிறது. ஐந்தாறு டிகிரி இறங்கினால் ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ போகும். கணக்கைப் போட்டுப் பார்.

கத்ர்போர்ன்_கணக்கு:
கணக்கு என்றதும் வந்துவிட்டேன். இப்போதைய டயரின் மொத்த விட்டம் சுமார் 668 மி.மீ., 225/45 ஆர்18 சுமார் 660. உயரத்தில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் பக்கச்சுவர் 118 மி.மீட்டரிலிருந்து 101க்கு வந்துவிடும். ஸ்டியரிங் திருப்பினால் சட்டென்று கேட்கும், அது உண்மை. ஆனால் அது பிடி இல்லை, பதில் சொல்லும் வேகம். பிடி ரப்பரிலிருந்துதான் வரும். ரிம் கனமாகிவிட்டால் ஷாக் அப்சார்பருக்கு வேலை கூடும், மேடுபள்ளத்தில் சக்கரம் ரோட்டை விட்டு எழும்பும். எப்படியும் வாங்குவதென்றால் சுமை எண்ணைப் பாருங்கள். 94 என்றால் டயருக்கு 670 கிலோ. விலை குறைவென்று 91 தருவார்கள், அது 615 கிலோதான். குடும்பம், சாமான், காவடித் தட்டு எல்லாம் ஏற்றுகிற வண்டிக்கு 94க்குக் கீழே போகாதீர்கள்.

பழைய_ஸ்பானர்:
ஸ்பிரிங்குக்கு வருகிறேன். உன் வண்டியில் முன்னால் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண். சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் இப்போது சக்கரப் பக்கம் கொஞ்சம் கீழே சரிந்திருக்கும். 40 மி.மீ. இறக்கினால் அது மட்டமாகப் படுத்துவிடும், இல்லை மேல்நோக்கித் திரும்பிவிடும். வண்டியின் எடை மையம் 40 மி.மீ. இறங்கும், சரி. ஆனால் உடம்பு எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது அதைவிட அதிகமாக இறங்கும். சாய்க்கிற நெம்புகோல் நீளமாகிவிடுகிறது. ஸ்பிரிங் கெட்டியாக இருப்பதால் அது வெளியே தெரிவதில்லை. அப்புறம் வளைவின் நடுவில் ஒரு குழி வந்தால் ரப்பர் ஸ்டாப்பரில் இடிக்கும். இடித்த நொடியில் அந்தச் சக்கரம் கல். மழையில் அந்த நொடி போதும்.

ரோஸ்ஹில்_ரேஸர்:
ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். ஒவ்வொரு டோடானிலும் (வேகத்தடையிலும்) வண்டியின் அடி உரசுகிறது. குறுக்காக ஏற்றித்தான் தாண்டுகிறேன், பின்னால் வருபவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். ஆறு மாதத்தில் ஒரு ஷாக் அப்சார்பர் எண்ணெய் கக்கிவிட்டது. பழைய ஸ்பிரிங்கைத் தூக்கிப் போடாதீர்கள்.

கியூர்பிப்_குமரன்:
அப்போ ஸ்பிரிங் வேண்டாம். பின்பக்கத்துக்குத் தடிமனான ஸ்டெபிலைசர் பார் (சாய்வைக் குறைக்கும் குறுக்குக் கம்பி) மட்டும் போட்டால்?

பழைய_ஸ்பானர்:
முன்பக்கம் வெளியே தள்ளுகிற வண்டிக்கு அது நல்ல மருந்து. பின்பக்கத்தின் பிடியில் கொஞ்சம் எடுத்து முன்பக்கத்துக்குக் கொடுக்கும். உனக்குப் பின்பக்கம்தான் நழுவுகிறது. வேண்டவே வேண்டாம். முதலில் நான்கும் ஒரே டயர், ஈரப்பிடி தரம் நன்றாக உள்ளது, அதே 215/55 ஆர்17. பிறகு அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது. அதற்கு முன் வண்டியைத் தூக்கி ஸ்டெபிலைசர் லிங்க் (பாரை இணைக்கும் துண்டு), ஆர்ம் புஷ் (ஆர்மின் ரப்பர் மூட்டு), பால் ஜாயிண்ட் எல்லாவற்றையும் கடப்பாரை வைத்து அசைத்துப் பார்க்கச் சொல். தேய்ந்த புஷ்ஷை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் செய்தால் காசுதான் போகும்.

கியூர்பிப்_குமரன்:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நான்கு டயரும் மாற்றினேன். தூக்கிப் பார்த்ததில் முன் இடது ஸ்டெபிலைசர் லிங்க் கையால் ஆட்டினாலே லொடலொடவென்றது. டோடானில் டக்டக் என்று சத்தம் வந்ததும் அதுதான், நான் பானட்டில் ஏதோ ஆடுகிறது என்று விட்டிருந்தேன். இரண்டு பக்கமும் மாற்றியாயிற்று. முன் டோ (சக்கரங்களின் முன்விளிம்பு பார்க்கும் திசை) வெளிப்பக்கம் விலகியிருந்தது, சரிசெய்தார்கள். காற்று இப்போது காலையில் வீட்டிலேயே அடிக்கிறேன், சின்ன பம்ப் வாங்கிவிட்டேன்.

போன ஞாயிறும் மழை. அதே இறக்கம், அதே வளைவு. வேகம் குறைவாகத்தான் போனேன், பொய் சொல்லவில்லை. ஆனால் விளக்கு மின்னவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்னும் பின்னும் சேர்ந்து திரும்புகிறது, முன்பெல்லாம் பின்பக்கம் அரை நொடி கழித்து வரும். சாய்வு கொஞ்சம் குறைந்திருக்கிறது, போய்விடவில்லை. மனைவி முன்சீட்டுக்கு வந்துவிட்டாள், குமட்டல் இல்லை. மகனுக்குப் பை இன்னும் தேவைப்படுகிறது. ஷாக் அப்சார்பரையும் மாற்றணுமா ஐயா?

பழைய_ஸ்பானர்:
எண்ணெய் கசிவு இருக்கிறதா பார். இருந்தால் ஜோடியாக மாற்று, அதே உயரத்தில், கொஞ்சம் கெட்டியான ரகம் கிடைத்தால் நல்லது. கசிவு இல்லை, மேட்டில் ஏறி இறங்கினால் ஒரே ஆட்டத்தில் நின்றுவிடுகிறது என்றால் விடு. வளைவுக்கு முன்னாலேயே பிரேக் அடித்து முடி, நடுவில் காலைச் சட்டென்று எடுக்காதே. பையனின் பை அதிலேயே பாதி குறையும்.

கத்ர்போர்ன்_கணக்கு:
அந்தப் பழைய டயர் இரண்டும் எங்கே?

கியூர்பிப்_குமரன்:
கடைக்காரர் தானே வைத்துக்கொள்கிறேன் என்றார். பட்டன் ஆழமாக இருக்கிறதே, யாருக்காவது விற்றுவிடுவார் என்று தோன்றியது. எடுத்து வந்துவிட்டேன். ஒன்றில் மாமியார் கறிவேப்பிலைக் கன்று நட்டிருக்கிறார், இன்னொன்றில் கோழி படுக்கிறது.