தண்ணீர் ஆய்வறிக்கையில் குரோமியம் 38, வரம்பு 0.05! அவசர உதவி தேவை

தோட்டத்துச்சாளை
வணக்கம். எங்கள் தோட்டத்துத் தண்ணீரை ஆய்வுக்குக் கொடுத்திருந்தோம். இன்று காலை அறிக்கை வந்தது. குரோமியம் 38. பக்கத்துக் கட்டத்தில் வரம்பு 0.05 என்று இருக்கிறது. வகுத்துப் பார்த்தால் 760 மடங்கு வருகிறது. நைட்ரேட் 12தான், வரம்பு 45, அது பரவாயில்லை. தங்கை பிரசவத்துக்கு வந்து இங்கேதான் இருக்கிறாள், குழந்தைக்கு மூன்று மாதம். உடனே என்ன செய்வது என்று யாராவது சொல்லுங்கள்.

நொய்யல்கரை
சாயக்கழிவுதான், சந்தேகமே வேண்டாம். நொய்யல் ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருக்கிறது எங்கள் கிணறு. 2011இல் உயர் நீதிமன்றம் திருப்பூர் சாய ஆலைகளை மூடச் சொல்லியும் எங்கள் தண்ணீரில் உப்பு இறங்கவில்லை. குழந்தையை முதலில் வேறு ஊருக்கு அனுப்புங்கள்.

கீழ்பவானி
எந்த ஊர்ப்பக்கம்? கிணறா, போரா? எத்தனை அடி? 38 என்பது எந்த அலகில்? இவற்றைச் சொல்லாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

சொட்டுநீர்
டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு, எவ்வளவு? பேனா மாதிரி மீட்டர் கடையில் கிடைக்கிறது, விட்டுப் பாருங்கள். 500க்குள் இருந்தால் தாராளமாகக் குடிக்கலாம்.

ஆய்வகத்தண்ணன்
இதே கேள்விக்கு இங்கே எத்தனை முறை பதில் எழுதியிருக்கிறேன் என்று கணக்கில்லை. தம்பி, எண்ணைப் படிப்பதற்கு முன் அலகைப் படிக்க வேண்டும். ஆறாம் வகுப்புப் பாடம் இது. சொட்டுநீர் அவர்களே, டிடிஎஸ் மீட்டர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று மட்டுமே பார்க்கும். குரோமியம் இருக்கிறதா, இல்லையா என்று அதற்குத் தெரியாது.

தோட்டத்துச்சாளை
மன்னிக்கவும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். சென்னிமலைக்கும் காங்கயத்துக்கும் நடுவில். அப்புச்சி காலத்துக் கிணறு, 70 அடி. அலகு என்ற இடத்தில் 'யு ஜி பை எல்' என்று இருக்கிறது. வரம்புக்கு 'எம் ஜி பை எல்'. இரண்டும் ஒன்றுதானே?

ஆய்வகத்தண்ணன்
இல்லை. அங்கேதான் தவறினீர்கள். அந்த 'யு' உண்மையில் கிரேக்க எழுத்து 'மியூ'. தட்டச்சில் கிடைக்காததால் 'யு' போட்டுவிடுகிறார்கள். மைக்ரோகிராம் என்று பொருள். ஆயிரம் மைக்ரோகிராம் சேர்ந்தால் ஒரு மில்லிகிராம். உங்கள் 38ஐ ஆயிரத்தால் வகுத்தால் 0.038. வரம்பு 0.05. உள்ளேதான் இருக்கிறது.

கீழ்பவானி
இன்னும் எளிதாகச் சொல்கிறேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, அதாவது பத்து லட்சம் மில்லிகிராம். அதில் ஒரு மில்லிகிராம் கலந்தால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதுதான் பிபிஎம். ஒரு மைக்ரோகிராம் கலந்தால் நூறு கோடியில் ஒரு பங்கு, பிபிபி. 38 பிபிபி என்றால் 12,000 லிட்டர் லாரித் தண்ணீர் முழுவதிலும் சேர்த்து அரை கிராம்கூட வராது.

சொட்டுநீர்
மீட்டரைக் குறைவாகப் பேச வேண்டாம், அண்ணா. ஆறு வருடமாக அதை நம்பித்தான் தென்னைக்கும் வாழைக்கும் தண்ணீர் விடுகிறேன். 900 பிபிஎம் காட்டுகிறது, மரங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன.

நொய்யல்கரை
அதே தண்ணீருக்கு என் மீட்டர் 1260 காட்டும், பந்தயமா?

ஆய்வகத்தண்ணன்
இரண்டு மீட்டரும் அளப்பது ஒன்றையே. மின்கடத்துதிறன் 1800 மைக்ரோசீமன்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் 0.5ஆல் பெருக்கி 900 என்கிறது, இன்னொன்று 0.7ஆல் பெருக்கி 1260 என்கிறது. வேளாண்மைக் கணக்கில் 0.64 போட்டால் 1152. மூன்றுமே மதிப்பீடுதான். காய்ச்சி வற்றவைத்து எடை போடாமல் சரியான டிடிஎஸ் கிடைக்காது.

சொட்டுநீர்
அப்படியானால் பெட்டியின் மேல் எந்த எண்ணால் பெருக்குகிறது என்று அச்சிட வேண்டாமா? விவசாயி எப்படிக் கண்டுபிடிப்பான்?

கீழ்பவானி
இந்தச் சண்டையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துச்சாளை, எனக்குக் கவலை குரோமியத்தில் இல்லை, நைட்ரேட்டில்தான். 70 அடிக் கிணறு என்கிறீர்கள். பக்கத்தில் மாட்டுத் தொழுவம், கழிப்பறைக் குழி, கோழி எரு கொட்டும் இடம் ஏதாவது இருக்கிறதா? 'நைட்ரேட்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் என்ன போட்டிருக்கிறது? அதைப் பாருங்கள், தயவுசெய்து.

தோட்டத்துச்சாளை
தொழுவம் கிணற்றுக்கு மேட்டுப்பக்கம் இருக்கிறது. எருவையும் அங்கேதான் குவிக்கிறோம். 'நைட்ரேட் ஆஸ் என்' என்று போட்டிருக்கிறது. 12 மில்லிகிராம்.

கீழ்பவானி
பயந்தபடியே ஆகிவிட்டது. 'ஆஸ் என்' என்றால் நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனை மட்டும் எடை போட்டிருக்கிறார்கள். நைட்ரஜன் 14, மூன்று ஆக்சிஜன் 48, சேர்த்து 62. 62ஐ 14ஆல் வகுத்தால் 4.43. உங்கள் 12ஐ அதனால் பெருக்கினால் 53. இந்தியத் தரநிர்ணயத்தில் 45 என்பது முழு நைட்ரேட்டுக்கான வரம்பு, அதற்கு மேல் தளர்வும் கிடையாது. குழந்தைக்குப் பால்பொடியை இந்தத் தண்ணீரில் கரைக்காதீர்கள். ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை நைட்ரேட் குறைத்துவிடும், உதடும் நகமும் நீலம் பாயும். காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடும். ஆர்ஓ போட்டால் பெருமளவு குறையும்.

ஆய்வகத்தண்ணன்
கீழ்பவானி சொல்வது சரி. நான் குரோமியத்தோடு நின்றுவிட்டேன், நைட்ரேட் வரியை நானே கேட்டிருக்க வேண்டும். ஆய்வகத்துக்குத் தொலைபேசியில் பேசி 'நைட்ரஜனாகவா, நைட்ரேட்டாகவா' என்று ஒரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள், தம்பி.

நொய்யல்கரை
குரோமியம் வரம்புக்குள் இருந்தாலும் 38 எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லையே?

கீழ்பவானி
கேட்க வேண்டிய கேள்விதான். அது பாறையிலிருந்தும் வரலாம். கோடையில் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று என்று இரண்டு முறை பார்த்தால்தான் ஏதாவது சொல்ல முடியும்.

தோட்டத்துச்சாளை
ஆய்வகத்தில் கேட்டுவிட்டேன். நைட்ரஜனாகத்தான். குழந்தைக்குப் பஞ்சாயத்துக் குழாயில் வரும் காவிரித் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறோம். எருக்குழியை நாளை மாற்றுகிறோம். கீழ்பவானி அண்ணா, மிக்க நன்றி.

கீழ்பவானி
நான் அண்ணன் இல்லை, அக்கா. கிணற்றுக்குத் தாழ்வான பக்கம் மாற்றுங்கள். கழிப்பறைக் குழி எத்தனை அடி தள்ளி இருக்கிறது?

சொட்டுநீர்
என் கிணற்று அறிக்கையை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன், அக்கா. நைட்ரேட் 9 என்று இருக்கிறது, பக்கத்தில் எதுவும் போடவில்லை. இதை எப்படிப் படிப்பது?