லிடோவைத் தின்றது கடலா, கடற்படையா?

பழையபந்து: "காணாமல் போன கடலோர கோல்ஃப் மைதானங்கள் எல்லாம் அலைக்கு இரையானவை, லிடோ உட்பட" என்று பக்கத்து இழையில் மணல்மேடு அடித்துவிட்டிருக்கிறார். படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. நியூயார்க் லாங் ஐலண்டில் 1917இல் திறந்த லிடோவை எடுத்துக்கொண்டது அமெரிக்கக் கடற்படை. வருஷம் 1942. கடல் வேறு, கடற்படை வேறு ஐயா.

மணல்மேடு: வந்துட்டார் வாத்தியார். கலிஃபோர்னியா ஷார்ப் பார்க் மைதானம் தெரியுமா? பேர்போன மைதான வடிவமைப்பாளர் மெக்கன்சி போட்டு 1932இல் திறந்தது. அதன் கடலோரக் குழிகளை (குழி என்றால் அதற்கான ஆடுதளமும் சேர்த்துத்தான்) அடித்துக்கொண்டு போனது புயலா, கடற்படையா?

பழையபந்து: ஷார்ப் பார்க்கில் இன்றைக்கும் ஆடுகிறார்கள். நான் கேட்டது லிடோ. 1942.

காற்றாடி: லிடோவுக்கு ஏன் இவ்வளவு ஒப்பாரி? சதுப்பில் சுமார் 20 லட்சம் கன கஜம் மணலைக் கொட்டி, லிடோவை வடிவமைத்த மெக்டொனால்ட் உண்டாக்கிய செயற்கை நிலம் அது. மணல்மேடுகள் தானாக அமைந்த ஸ்காட்லாந்துக் கரையோடு அதைச் சேர்த்துப் பேசுவதே தப்பு.

பழையபந்து: செயற்கையாம்! 1914இல் கண்ட்ரி லைஃப் பத்திரிகை நடத்திய குழி வடிவமைப்புப் போட்டியில் மெக்கன்சிக்குப் பரிசு வாங்கித் தந்த வரைபடம்தான் அங்கே 18ஆவது குழி. அவர் பெயர் வெளியே தெரிந்ததே அதனால்தான்.

காற்றாடி: வரைபடத்தில் இருந்தபடியேவா கட்டினார்கள்? மெக்டொனால்ட் மாற்றிவிட்டார். போன மாசமும் இதே தப்பைச் சொன்னீர்கள், திருத்தினேன். அப்போதும் பதில் இல்லை.

பழையபந்து: பதில் சொன்னேன். நீங்கள்தான் இழையைவிட்டு ஓடினீர்கள்.

ஓரக்குழி: சண்டை எதற்கு? பழைய புகைப்படங்களை வைத்துக் கணினியில் மாதிரி செய்து, மைதான வடிவமைப்பாளர் டாம் டோக் அமெரிக்காவின் விஸ்கான்சினில் லிடோவை மறுபடி கட்டிவிட்டார். 2023 முதல் ஆடுகிறார்கள். அப்புறம் எப்படி மறைந்தது என்பது?

பழையபந்து: நாட்டின் நடுவில், உப்புக்காற்றே படாத இடத்தில் கடலோர மைதானம்! பேஷ்.

மணல்மேடு: இவருக்குக் கடலும் வேணுமாம், ஆனால் கடல் தின்றது என்று மட்டும் சொல்லக் கூடாதாம்.

பழையபந்து: தின்னாததைத் தின்றது என்றால் சொல்லக் கூடாதுதான். ஸ்காட்லாந்தின் டர்ன்பெரி மைதானத்தைப் பாருங்கள். இரண்டாம் உலகப்போரில் ஓடுபாதை போட்டுக் கான்கிரீட்டில் புதைத்தார்கள். அங்கேயும் உங்கள் அலை வரவில்லை.

ஓரக்குழி: டர்ன்பெரிதான் 1951இல் திரும்ப வந்துவிட்டதே. மறைந்த கணக்கில் அது எப்படி வரும்? அதைவிட ஸ்காட்லாந்துத் தீவில் இருக்கிற ஆஸ்கர்னிஷ் நல்ல உதாரணம். 1891இல் அந்தக்கால மைதான வடிவமைப்பாளர் டாம் மோரிஸ் போட்டது, கவனிப்பில்லாமல் புல் மூடிக் கிடந்து 2008இல் திறந்தது.

காற்றாடி: அவை மோரிஸ் போட்ட அதே குழிகள்தானா என்று காட்ட ஒரு வரைபடம்கூட இல்லை. இந்தக் கதையைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள், கிழித்துத் தொங்கவிடுகிறேன்.

மணல்மேடு: ஸ்காட்லாந்தின் மாண்ட்ரோஸ் மைதானத்தில் கடல் இன்றைக்கும் கரையைக் கடித்துக்கொண்டுதான் இருக்கிறது. நான் சொன்னது சொன்னதுதான்.

பழையபந்து: மாண்ட்ரோஸ் இருக்கட்டும். லிடோ. 1942. கடற்படை. இன்னும் ஒரு தடவை எழுதவா?

மணல்மேடு: எழுதுங்களேன், உங்களுக்கு வேறென்ன வேலை.