"எல்லா டெஸ்ட்டும் நெகட்டிவ்தானே?" – லேபில் ரத்த மாதிரிகளோடு உங்கள் அனுபவங்கள்

ரத்த மாதிரிகளைக் கையாளும் லேபில் இருப்பவர்கள் இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்டிருப்பீர்கள். "ஆரோக்கியமான டோனர் (ரத்தம் கொடுத்தவர்), எல்லா டெஸ்ட்டும் நெகட்டிவ். பிறகு எதுக்கு இத்தனை கெடுபிடி?" எங்களோடு சேர்ந்த புது மாணவர் ஒருவரும் கேட்டார். நான் சொன்ன பதில் இதுதான்: தொற்று ஏற்பட்ட முதல் நாட்களில் டெஸ்ட் அதைக் காட்டாமல் போகலாம். தவிர, எதைத் தேடி டெஸ்ட் செய்தார்களோ அது மட்டும்தான் நெகட்டிவ். தேடாததைப் பற்றி அந்தத் தாள் எதுவும் சொல்லாது. அதனால் ட்யூபில் என்ன எழுதியிருந்தாலும் தொற்று இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறோம். ஹெப்படைடிஸ் பி வைரஸ் காய்ந்த ரத்தத்தில்கூட குறைந்தது 7 நாள் தொற்றும் திறனோடு இருக்கும். மேஜையில் கண்ணுக்குத் தெரியாமல் காய்ந்துபோன துளியை நினைத்துத்தான் எனக்கு அதிகம் பயம்.

அதே மாணவர் இருந்த ஒரு நாள், சென்ட்ரிஃப்யூஜ் (ட்யூப்களை வேகமாகச் சுழற்றி ரத்தத்தைப் பிரிக்கும் கருவி) ஓடும்போது சத்தம் மாறியது. நிறுத்தியதும் மூடியைத் திறக்க ஒருவர் கை நீட்டினார். எங்கள் சீனியர் டெக்னீஷியன் குறுக்கே வந்து நின்றுவிட்டார். "அரை மணி நேரம் யாரும் தொடக்கூடாது." உள்ளே ட்யூப் உடைந்திருந்தால் ரத்தம் நுண்துளிகளாகக் காற்றில் மிதக்கும். அது அடங்கும்வரை மூடியே இருக்க வேண்டும். பிறகு இரட்டைக் கையுறையும் முகக்கவசமும் போட்டு, ட்யூப்களைத் தாங்கும் பக்கெட்டை மூடியோடு, காற்றை வடிகட்டும் பயோசேஃப்டி கேபினட்டுக்குள் கொண்டுபோய்த் திறந்தார். ட்யூப் உடைந்து கிடந்தது. சில்லுகளைக் கையால் தொடவில்லை, இடுக்கியால்தான் எடுத்தார். சுழலும் பாகமான ரோட்டர் அலுமினியம் என்பதால் ப்ளீச் அரித்துவிடும் என்று அதற்கு ஏற்ற கிருமிநாசினியைப் பயன்படுத்தினார். நான் பக்கம் பக்கமாகச் சொல்லியிருந்தாலும் அந்த மாணவருக்கு இவ்வளவு புரிந்திருக்காது.

பதில் (லேப் மேலாளர்)

ப்ளீச் என்றதும் நினைவுக்கு வருகிறது. ரத்தத்திலிருந்து டிஎன்ஏ எடுக்கும் பல கிட்களில் செல்களை உடைக்கும் கரைசலான லைசிஸ் பஃபரில் குவானிடின் உப்பு இருக்கும். அது ப்ளீச்சோடு சேர்ந்தால் விஷவாயு வரும். பஃபர் கலந்த ரத்தம் கொட்டியதும் ஒருவர் பழக்கத்தில் ப்ளீச் பாட்டிலைத் தூக்கினார். பக்கத்து மேஜைக்காரர் கையைப் பிடித்து நிறுத்தினார். ரத்தம் சிந்தினால் ப்ளீச் என்று மட்டும் சொல்லிக்கொடுப்பது அரைகுறைப் பயிற்சி. சிந்தியது என்ன என்று முதலில் கேட்க வைக்க வேண்டும். ப்ளீச் போட்ட கழிவை ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கருவி) வைப்பதும் கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

வெறும் ரத்தம் என்றால் எங்கள் முறை: டிஷ்யூ போட்டு முதலில் உறிஞ்சி எடுத்துவிடுவோம், ஏனென்றால் ரத்தத்தின் புரதம் ப்ளீச்சின் வீரியத்தைத் தின்றுவிடும். பிறகு வீட்டு ப்ளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் 9 பங்கு, அன்றன்றைக்குக் கலந்தது, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஊற்றி 10 நிமிடம் விடுவோம். பலர் அவசரப்படுவது அந்த 10 நிமிடத்தில்தான்.

பதில் (முனைவர் பட்ட ஆய்வாளர்)

என்னோடு வேலை பார்த்த பெண்ணுக்கு ஊசி குத்தியது. பேராசிரியர் திட்டுவாரோ என்று பயந்து மறைக்கப் பார்த்தாள். கையுறைக்குள் ரத்தம் தெரிந்ததால்தான் எனக்குத் தெரிந்தது. சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவச் சொன்னேன். காயத்தைப் பிதுக்கவோ ப்ளீச் ஊற்றவோ விடவில்லை. உடனே மருத்துவரிடம் போனோம். எச்ஐவிக்கான தடுப்பு மருந்தைச் சில மணி நேரத்துக்குள் தொடங்குவதுதான் நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பலன் எதிர்பார்க்க முடியாது. தொடங்கினால் 28 நாள் சாப்பிட வேண்டும். அவள் ஹெப்படைடிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸும் போட்டிருந்தாள், உடலில் எதிர்ப்புப் பொருள் போதுமான அளவு உருவானதா என்றும் ஏற்கனவே பார்த்திருந்தாள். அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அன்றைக்குத்தான் உணர்ந்தோம். தடுப்பூசி போடாதவருக்கு, தொற்றுள்ள ரத்த ஊசி குத்தினால் ஹெப்படைடிஸ் பி வர 6 முதல் 30 சதவீதம் வரை வாய்ப்பு. எச்ஐவிக்கு அது சுமார் 0.3 சதவீதம்தான்.

பேராசிரியர் திட்டவில்லை. "மருந்து தொடங்கியாச்சா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. எல்லா லேபிலும் அப்படி ஒருவர் இருக்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

பதில் (நோயெதிர்ப்பியல் லேபிலிருந்து)

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். டோனர் வராத நாளில் "என் ரத்தத்தையே எடுத்துக்கலாமே" என்று யாராவது முன்வருவார்கள். எங்கள் லேபில் அனுமதி இல்லை. செல்களை வைரஸ் கொண்டு அழியாமல் வளர வைக்கும் சோதனைகள் செய்கிறோம். அப்படி மாற்றிய செல் அடுத்தவருடையது என்றால், தவறி உடலுக்குள் போனாலும் நம் நோயெதிர்ப்பு அந்நியமென்று அடையாளம் கண்டு தாக்கும். நம்முடையதே என்றால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காமல் போகலாம். இன்னொன்று, மேலே இருப்பவர் கேட்டால் ஜூனியரால் மறுக்க முடியாது. அதனால் எங்களுக்கு வரும் ட்யூப் எல்லாமே லேபுக்கு வெளியே, நெறிமுறைக் குழு அனுமதியோடு எடுத்தவை. எண் மட்டும்தான் இருக்கும், பெயர் இருக்காது.