1782 சண்டைக்கு உலோகச் சிப்பாயா, கப்பலா?

கோட்டைவாசல்:
திருகோணமலையில் இன்று பிரெட்ரிக் கோட்டை என்கிறோமே, அதை 1782 ஓகஸ்ட் கடைசியில் ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் பிடித்த சண்டையைப் பொம்மைகளை வைத்து மேசையில் விளையாட்டாக ஆடப்போகிறேன். 28 மில்லிமீற்றர் உயர உலோகச் சிப்பாய்கள், பக்கத்துக்கு நாற்பது பேர் தருவிப்பதாக உத்தேசம். மலிவு என்று மென்மையான பிளாஸ்டிக்கை வாங்கி ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டேன். துப்பாக்கி வளைந்தது, பூசிய நிறம் செதில் செதிலாக உதிர்ந்தது.

உப்புவெளியான்:
அண்ணா, தபாற்கூலி எடைக்குத்தான். 28ஐ 15ஆல் வகுத்து மும்மடியாக்கிப் பாருங்கள், ஆறரை வரும். உங்கள் ஒரு சிப்பாயின் உலோகத்தில் 15 மில்லிமீற்றர் ஆட்கள் ஆறு பேரை வார்த்துவிடலாம். அதைவிட, கோட்டை சில நாட்களில் விழுந்துவிட்டது. பெரிய சண்டை செப்டெம்பர் 3ஆம் திகதி கடலில் நடந்தது. பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனிடம் 14 போர்க்கப்பல்கள், ஆங்கிலேயத் தளபதி ஹியூஸிடம் 12. 1:2400 அளவில் 74 பீரங்கிகள் கொண்ட கப்பல் இரண்டு சென்ரிமீற்றரைச் சற்றே தாண்டும். இரண்டு கடற்படையும் ஒரு பிஸ்கட் பேணிக்குள் அடங்கும்.

கோட்டைவாசல்:
அந்தக் கட்டெறும்புக் கப்பலில் எதைத் தீட்டுவது தம்பி? எனக்கு முகம் வேண்டும். சிவப்புச் சட்டைக்காரனுக்கு முதலில் கரும்பழுப்பு பூசி, மடிப்புகளில் அதை விட்டுவிட்டுச் சிவப்பை ஏற்றி, கடைசியில் குறுக்குப் பட்டியை வெள்ளையால் இழுக்கும்போது மூச்சையும் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தச் சுகத்துக்குத்தான் காசு.

உப்புவெளியான்:
சுஃப்ரனின் கப்பலில் பெரிய பாய்மரமே முறிந்து விழுந்தது. அதைச் செய்துகாட்டுவதும் சுகம்தான்.

மட்டிக்களி அக்கா:
இருவரும் அளவிலேயே நில்லுங்கள், ஈயத்தை யார் பேசுவது? மலிவாகக் கிடைக்கும் பழைய வார்ப்புகள் பெரும்பாலும் ஈயக் கலவை. சாப்பாட்டு மேசையில் அரம் போட்டால் தூள் பிள்ளையின் தட்டுக்குத்தான் போகும். பழைய பத்திரிகையை விரித்து, அரத்தை நனைத்து உரசுங்கள். பிறகு சவர்க்காரம் போட்டுக் கைகழுவுங்கள். மரப்பெட்டியில் பூட்டியும் வைக்காதீர்கள். சில மரங்களிலிருந்து வரும் அமில ஆவி பட்டு ஈயம் வெள்ளைத் தூளாகப் பூத்துவிடும். என் தகப்பனாரின் பொம்மைகள் சில அப்படித்தான் போயின.

கோட்டைவாசல்:
ஈயமில்லாத வெள்ளீயக் கலவையும் வருகிறது, அக்கா.

மட்டிக்களி அக்கா:
வருகிறது. ஈயத்தைவிட வெள்ளீயம் விலை கூட. அப்போது "மலிவு" எங்கே போயிற்று?

உப்புவெளியான்:
அப்படிக் கேளுங்கள் அக்கா! அண்ணா, போன கச்சானில் முற்றத்தில் நின்று பிரைமர், அதுதான் அடிப்பூச்சு, ஸ்பிரே அடித்தீர்களே, அந்தக் கதையையும் சொல்லுங்கள்.

கோட்டைவாசல்:
சொல்கிறேன், வெட்கமென்ன. வெக்கைக் காற்றில் பிரைமர் பொம்மையைத் தொடுமுன்னே காய்ந்து, பன்னிரண்டு பேரும் மணலில் புரண்டெழுந்தவர்கள்போல் ஆனார்கள். வாடைக்காலத்தில் அடித்தாலோ ஈரம் பட்டு வெளிறிவிடும். இப்போதெல்லாம் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, காயவிட்டு, தூரிகையாலேயே பிரைமர் பூசுகிறேன். ஆறுதலான வேலை, ஆனால் பிசகாது.

அக்கா சொன்னதை யோசித்தேன். ஈயமில்லாத 28 மில்லிமீற்றர் ஆட்கள் எட்டுப் பேரை மட்டும் முதலில் எடுக்கிறேன்.

உப்புவெளியான்:
எட்டுப் பேரா? சரணடைவதற்கே காணாது அண்ணா.