ரஸ்தாளி அடி இலை மஞ்சளாகித் தொங்குகிறது, வாடல் நோயா?

வாழப்பாடிக்காரன்: ஐந்து மாத ரஸ்தாளி. அடி இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்பு ஒடிந்து, மரத்தைச் சுற்றிப் பாவாடை மாதிரி தொங்குகின்றன. தண்ணீருக்குக் குறையில்லை. மருந்துக் கடையில் சத்துக் குறைபாடு என்று ஒரு பாட்டிலைத் தலையில் கட்டிவிட்டார்கள்.

ஏற்காடு அடிவாரம்: தண்டு தரையை ஒட்டி நீளவாக்கில் வெடித்திருக்கிறதா அண்ணா? ஒரு மரத்தைத் தோண்டி கிழங்கைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள், உள்ளே செம்பழுப்பாக வளையமோ புள்ளிகளோ இருந்தால் பெரும்பாலும் பனாமா வாடல்தான், ஃபியூசேரியம் பூஞ்சை.

வாழப்பாடிக்காரன்: வெட்டினேன் தம்பி. வெற்றிலை போட்டுத் துப்பின மாதிரி இருக்கிறது. பக்கக் கன்றை மேல்காட்டில் வைக்கலாமா?

ஏற்காடு அடிவாரம்: கூடவே கூடாது! கன்றோடு நோயும் போகும். மரத்தைக் கிழங்கோடு எடுத்து அழித்துவிட்டு குழியில் 1-2 கிலோ சுண்ணாம்பு போடுங்கள், அந்த மண்வெட்டியைக் கழுவாமல் அடுத்த பாத்தியில் இறங்காதீர்கள், அங்கிருந்து தண்ணீரும் மற்ற மரங்களுக்கு ஓடக்கூடாது. பூஞ்சை மண்ணில் பல வருடம் கிடக்கும்.

ஆத்தூர் பக்கம்: எங்களுக்கும் ரஸ்தாளியில்தான் வந்தது, இப்போது அதே காட்டில் பூவன் நிற்கிறது. ஜி9 ரக வாழையையும் சாய்க்கிற டிஆர்4 என்ற வகை இந்தப் பூஞ்சையில் ஒன்று உண்டு, அதனால் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ திருச்சி வாழை ஆராய்ச்சி மையத்திலோ கேட்டுவிடுங்கள். அந்தப் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்க முடியுமா பாருங்கள், அண்ணா.