குமுளி ஏற்றத்தில் கொதித்துப்போன பழைய லாரி: இன்ஜின் செலவை விற்றவரிடம் கேட்க முடியுமா?

வாடிப்பட்டி லாரி வீடு:

வணக்கம். வண்டி ஓட்டுவது என் வீட்டுக்காரர், கணக்கு வழக்கு நான். எங்களுக்கு இருப்பது ஒரே வண்டி. மதுரை ரிங் ரோட்டில் பழைய லாரி வாங்கி விற்பவரிடம் 2015 மாடல் ஆறு சக்கர வண்டியை ஒன்பதரை லட்சத்துக்கு எடுத்தோம். பாதிக்கு மேல் பைனான்ஸ். எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) இருந்தது, பெயின்ட் புதுசு. காலியாக ஓட்டிப் பார்த்தபோது சூடு காட்டும் முள் அசையவே இல்லை.

அரிசி ஏற்றிக்கொண்டு கேரளா போகையில், லோயர் கேம்ப் தாண்டி குமுளி ஏற்றத்தில் முள் சிவப்புக்குப் போய், தண்ணீர் கொதித்து அடித்துவிட்டது. லோடை வேறு வண்டிக்கு மாற்றி, இதைக் கட்டி இழுத்து வந்தோம். இன்ஜின் ஆயில் பால் கலந்த காபி மாதிரி இருக்கிறது. ரேடியேட்டரில் குமிழ் குமிழாக வருகிறது.

"பழைய வண்டிக்குக் கேரண்டி கிடையாதும்மா. என் ஷெட்டுக்குக் கொண்டுவாங்க, லேபர் என்னோடது, சாமான் உங்க செலவு" என்கிறார் விற்றவர். டியூ தேதி நெருங்குவதால் வீட்டுக்காரர் சரி சொல்லிவிடலாம் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. என்ன செய்யலாம் அண்ணன்மாரே?

கப்பலூர் மெக்கானிக்:

தங்கச்சி, அவர் ஷெட்டில் இன்ஜினைப் பிரிக்க விடாதீர்கள். பிரித்துக் கழுவிவிட்டால் உங்கள் கையில் ஒரு சாட்சியும் மிஞ்சாது.

ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் அடைக்கும் தகடு) போயிருக்கலாம், ஹெட்டில் விரிசலும் இருக்கலாம். அது பிரித்தால் தெரியும். வண்டி கை மாறும்போதே அவருக்கு இது தெரியுமா என்பதுதான் பெரிய கேள்வி. தெர்மோஸ்டாட் வால்வு (இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுப்பது) இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதைக் கழற்றிவிட்டால் சமதரையில் காலி வண்டி சூடே காட்டாது. லோடு ஏற்றி மலை ஏறினால்தான் குட்டு வெளிப்படும். (நம் பக்கம் வெயிலுக்குப் பயந்து சிலர் வழக்கமாகவே கழற்றுவார்கள், அதனால் அதை மட்டும் வைத்துப் பேச முடியாது.) ரேடியேட்டருக்குள் ஒழுக்கை அடைக்கும் பவுடர் படிந்திருக்கிறதா, ஹெட் ஓரத்தில் புதுப் பேஸ்ட் பிதுங்கியிருக்கிறதா, போல்ட்டுகளில் அண்மையில் ஸ்பேனர் பட்ட தடம் இருக்கிறதா? இவை சேர்ந்து இருந்தால் யாரோ தெரிந்தே மறைத்திருக்கிறார்கள்.

ஆயிலைக் கொட்டிவிடாமல் ஒரு பாட்டிலில் பிடித்து, தேதி எழுதி வையுங்கள். விற்றவருக்கு நாளும் இடமும் எழுதி பதிவுத் தபால் அனுப்பி, அவர் ஆள் முன்னால் பிரியுங்கள். வராவிட்டால் வீடியோ எடுத்துக்கொண்டு பிரியுங்கள். லேபர் இலவசம் என்று கூப்பிடுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

மதுரை வக்கீல்:

கேரண்டி தராதது வேறு, தெரிந்த பழுதை மூடி மறைத்து விற்பது வேறு. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இரண்டாவதை மோசடி என்கிறது.

வியாபார வண்டிக்கு நுகர்வோர் வழக்கு செல்லாது என்று அவர் தரப்பில் சொல்வார்கள். வீட்டுக்காரரே ஓட்டிப் பிழைக்கும் ஒற்றை வண்டி என்பதால், சுயதொழிலுக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தரும் விலக்கை நீங்கள் கேட்கலாம். மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். ஒன்பதரை லட்சத்துக்குக் கட்டணம் 200 ரூபாய்தான். இரண்டு வருடக் கெடு உண்டு.

"நான் வெறும் புரோக்கர்" என்று நழுவினால், 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள விதியைக் கேளுங்கள். பழைய வண்டி டீலருக்கு ஆர்.டி.ஓ. அங்கீகாரம் வேண்டும். தன் கையில் இருக்கும் வண்டி எதற்காக எங்கே போனது என்று பதிவேடும் வைக்க வேண்டும். பட்டறைக்குப் போயிருந்தால் அதில் இருக்க வேண்டும்.

வாடிப்பட்டி லாரி வீடு:

வால்வு இல்லை. ரேடியேட்டர் அடியில் பழுப்பு நிறத்தில் சேறு மாதிரி இருக்கிறது. தபால் அனுப்பிவிட்டோம். தபால் கிடைத்ததும் அவரே போன் செய்து, சாமானில் பாதி தருகிறேன் என்கிறார். பைனான்ஸ்காரரிடம் ஒரு மாதம் அவகாசம் கேட்டிருக்கிறோம்.

கப்பலூர் மெக்கானிக்:

பாதி என்று வாயால் சொன்னது போதாது தங்கச்சி, எழுதி வாங்குங்கள். இன்ஜினை இறக்கும் முன் இன்ஜின் நம்பர் தெரிகிற மாதிரி படம் எடுங்கள். அந்தச் சேற்றிலும் கொஞ்சம் எடுத்து வையுங்கள். கழற்றும் கேஸ்கெட், லைனர் (சிலிண்டரின் உள் உறை) எதையும் வழக்கு முடியும்வரை பழைய இரும்புக்குப் போடக் கூடாது. ஹெட்டை லேத்தில் கொடுத்துப் பிரஷர் டெஸ்ட் செய்து, பில்லில் விரிசல் எங்கே என்று எழுதச் சொல்லுங்கள்.